வீட்டுக்கே ஒரு சமையல், வீட்டுக்கே ஆரோக்கியம்: ஒரு மருத்துவரின் குறிப்புகள்

சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு என்று எந்தத் தொல்லையோடு வந்தாலும், மருந்துச் சீட்டு எழுதுவதற்கு முன் கூட வந்திருக்கும் வீட்டாரிடம் சமையலறையைப் பற்றி விசாரிப்பது என் வழக்கம். நோயாளிக்கு மட்டும் தனியாகப் பத்தியச் சமையல் செய்யும் வீடுகளில் அது வெகுநாள் நீடிப்பதில்லை. சமைப்பவருக்கு இரட்டை வேலை, சாப்பிடுபவருக்கோ தண்டனை. அதனால் நான் சொல்வது ஒன்றுதான்: வீட்டில் எல்லோரும் சாப்பிடும் சமையலையே நல்ல சமையலாக மாற்றுங்கள். நோய் உள்ளவருக்கு அது மருந்துக்குத் துணையாகும். இல்லாதவருக்கு அது தடுப்பு. அதற்கு உதவும் குறிப்புகள் இவை.

1. எண்ணெய்க்கு மாதக் கணக்கு வையுங்கள். ஒருவருக்கு மாதம் அரை லிட்டர் என்பது நல்ல அளவு. நான்கு பேர் உள்ள வீட்டுக்கு நல்லெண்ணெய், கடலை எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய் எல்லாம் சேர்த்து 2 லிட்டர். மாத முதல் நாளே அதை எடுத்துத் தனியாக வைத்துவிடுங்கள். பாட்டிலைச் சரித்து ஊற்றாமல் ஸ்பூனால் அளந்து விடுங்கள். செக்கில் ஆட்டியதானாலும் ரீஃபைண்டு எண்ணெயானாலும் 1 கிராமுக்கு 9 கலோரிதான். செக்கு எண்ணெய் என்பதற்காகத் தாராளமாக ஊற்ற வேண்டாம்.

2. பொரித்த எண்ணெயில் மறுபடி பொரிக்காதீர்கள். எண்ணெய் திரும்பத் திரும்பக் கொதிக்கும்போது உடலுக்குக் கேடான பொருட்கள் அதில் சேர்கின்றன. வடை, பூரி செய்யும் நாளில் சிறிய வாணலியில் கொஞ்சமாக எண்ணெய் விட்டுச் சிறிது சிறிதாகப் பொரித்தெடுங்கள். மிஞ்சியதை வடிகட்டி, ஓரிரு நாளுக்குள் தாளிப்புக்குப் பயன்படுத்தித் தீர்த்துவிடுங்கள்.

3. உப்புப் பாக்கெட்டில் தேதி எழுதுங்கள். ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குள், அதாவது தலைதட்டிய ஒரு டீஸ்பூனுக்குள் உப்பு இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. அந்தக் கணக்கில் நான்கு பேருக்கு ஒரு கிலோ பாக்கெட் 50 நாளாவது வர வேண்டும். பிரித்த தேதியைப் பாக்கெட்டின் மேலேயே எழுதிவையுங்கள். உங்கள் வீட்டு நிலவரம் தெரிந்துவிடும். ஊறுகாய், அப்பளம், வடாம், மோர் மிளகாய், கருவாடு, மிக்சர் எல்லாவற்றிலும் வரும் உப்பு இந்தக் கணக்குக்கு வெளியே இருக்கிறது. ஒரு சாப்பாட்டில் இவற்றில் ஒன்று போதும். வடித்த சோற்றில் உப்பு வேண்டாம். புளியோ எலுமிச்சையோ சேர்த்த பிறகு உப்புப் பார்த்தால் குறைவாகவே தேவைப்படும். இந்துப்பிலும் சோடியம்தான் இருக்கிறது. அயோடின் சேர்க்காத இந்துப்பை மட்டுமே பயன்படுத்தினால் அயோடின் கிடைக்காமல் போகும். சோடியம் குறைந்த உப்பில் பொட்டாசியம் சேர்ப்பதுண்டு. சிறுநீரக நோயாளிகளும், ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர்களும் மருத்துவரைக் கேட்காமல் அதற்கு மாறக் கூடாது.

4. தட்டில் முதலில் காய், அப்புறம் சோறு. நாள் முழுவதும் சாப்பிடுவதில் பாதி காய், கீரை, பழமாக இருக்க வேண்டும் என்கிறது ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். நம் வீடுகளில் இது தலைகீழ்: சோறு குவியலாக, பொரியல் ஓரமாக. பரிமாறும் வரிசையை மாற்றுங்கள். பொரியலையும் கூட்டையும் முதலில் வைத்து, மீதி இடத்தில் சோறு போடுங்கள். சாப்பிடும்போதும் காயும் பருப்பும் முதலில் உள்ளே போகட்டும். சாப்பிட்ட பின் ரத்தச் சர்க்கரை ஏறும் வேகம் இதனால் குறையும். இரண்டாம் முறை பசித்தால் பொரியலைக் கேட்டு வாங்குங்கள்.

5. சாம்பார் கெட்டியாக இருக்கட்டும். 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு நாளுக்குச் சுமார் 50 கிராம் புரதம் தேவை. காலையில் இட்லி, மதியம் ரசம் சோறு, இரவு தோசை என்று ஓடினால் அந்த அளவு சேராது. பருப்பின் அளவைக் கூட்டுங்கள். தினம் ஒரு வேளை சுண்டலோ முளைகட்டிய பயறோ இருக்கட்டும். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம் இருக்கிறது. மீன் சாப்பிடுபவர்கள் வறுவலை விடக் குழம்பாக வைத்துச் சாப்பிடலாம். வயதானவர்களுக்குப் பல் இல்லை என்று வெறும் கஞ்சியோடு நிறுத்திவிடாதீர்கள். குழைய வேகவைத்த பாசிப்பருப்பும் தயிரும் கொடுங்கள். புரதம் குறைந்தால் தசை கரையும். தசை கரைந்தால் நடை தளரும். சிறுநீரக நோய் உள்ளவர்கள் மட்டும் புரத அளவை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்ய வேண்டும்.

6. சிறுதானியத்துக்கும் அளவு உண்டு. 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. அரிசியில் மிகக் குறைவு. ஆனால் சர்க்கரை உள்ளவர்கள் நைசாக அரைத்த மாவில் கஞ்சி காய்ச்சிக் குடித்தால் சர்க்கரை சட்டென்று ஏறும். முருங்கைக்கீரை போட்ட கேழ்வரகு அடை அதைவிட நல்லது. தினை, சாமை, வரகு எதுவானாலும் அதிலும் மாவுச்சத்து உண்டு. சோற்றுக்குப் பதிலாகச் சாப்பிடுங்கள். சோற்றோடு கூடுதலாக அல்ல.

7. வெல்லமும் சர்க்கரைதான். நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, தேன் எல்லாமே ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றும். நீரிழிவு உள்ளவர்கள் இவற்றை நம்பி ஏமாற வேண்டாம். மற்றவர்களுக்கும் நாளுக்கு 25 கிராம், சுமார் 6 டீஸ்பூன் என்பதே எல்லை. மூன்று வேளை டீயில் இரண்டிரண்டு ஸ்பூன் போட்டாலே அது தீர்ந்துவிடும். வாரத்துக்குக் கால் ஸ்பூனாகக் குறைத்துக்கொண்டே வாருங்கள். நாக்கு தானாகப் பழகிவிடும்.

8. கீரையோடு எலுமிச்சை; டீ ஒரு மணி நேரம் தள்ளி. கீரை, பயறுகளில் உள்ள இரும்புச் சத்தை உடல் எடுத்துக்கொள்ள வைட்டமின் சி உதவுகிறது. பரிமாறும்போது எலுமிச்சை பிழியலாம். பெரிய நெல்லிக்காயைப் பச்சடியாகச் சேர்க்கலாம். டீ, காபி அந்தச் சத்தைச் சேரவிடாமல் தடுக்கும். சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் அவற்றைத் தவிர்த்துவிடுங்கள். வளரும் பெண் பிள்ளைகளும் கர்ப்பிணிகளும் இதை அவசியம் கடைப்பிடிக்க வேண்டும்.

9. கழுவிவிட்டு நறுக்குங்கள். நறுக்கிய காயைக் கழுவினால் தண்ணீரில் கரையும் வைட்டமின்கள் அதோடு போய்விடும். அரிசியையும் பலமுறை களையாதீர்கள். வடித்த கஞ்சியைக் கொட்டாமல் ரசத்திலோ குழம்பிலோ சேர்க்கலாம்.

10. பழத்தைக் கடித்துச் சாப்பிடுங்கள். ஜூஸாக்கி வடிகட்டும்போது நார்ச்சத்து போய், சர்க்கரை மட்டும் வேகமாக உள்ளே போகிறது. விலை கூடிய வெளிநாட்டுப் பழம் தேவையில்லை. ஆரஞ்சைவிடக் கொய்யாவில் வைட்டமின் சி அதிகம்.

11. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு நடங்கள். படுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்பே சாப்பிட்டு முடித்து, தெருவிலோ மொட்டை மாடியிலோ பதினைந்து நிமிடம் மெதுவாக நடங்கள். சர்க்கரையும் கட்டுப்படும், நெஞ்செரிச்சலும் குறையும். இதைத் தவிர, வாரத்துக்கு 150 நிமிட வேக நடை தேவை. வீட்டு வேலையே போதும் என்று நினைக்கும் பெண்களும் இதற்குத் தனியாக நேரம் ஒதுக்க வேண்டும்.

12. இன்ச் டேப் ஒன்று வீட்டில் இருக்கட்டும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவில் டேப்பை வைத்து அளந்து பாருங்கள். நம்மவர்களுக்கு ஆண்களில் 90 சென்டிமீட்டர், பெண்களில் 80 சென்டிமீட்டர் என்பது எல்லை. உடல் எடை சரியாக இருந்தும் தொப்பை இருந்தால் அதுவே எச்சரிக்கை. 30 வயது கடந்தவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசமாகப் பார்க்கலாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இந்த நோய்களுக்கான மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன.

13. வயிற்றுப்போக்கின்போது முதலில் கரைசல். உப்பு சர்க்கரைக் கரைசல் பாக்கெட் எப்போதும் வீட்டில் இருக்கட்டும். இல்லாத நேரத்தில், காய்ச்சி ஆறிய 1 லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு கலந்து கொடுங்கள். அளவு மாறக் கூடாது. உப்பு கூடினால் குழந்தைக்கு ஆபத்து. குழந்தை சோர்ந்து கிடந்தாலோ, சிறுநீர் போகாமல் இருந்தாலோ உடனே மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லுங்கள்.

14. கைக்குழந்தைக்குத் தேன் வேண்டாம். ஒரு வயது முடியும்வரை நாக்கில் தொட்டு வைப்பதும் கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமியை அந்த வயதில் குடலால் சமாளிக்க முடியாது.

15. மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். உணவு மாற்றத்தில் அளவுகள் நன்றாக வந்தால் மகிழ்ச்சிதான். ஆனால் அந்த நல்ல அளவு மாத்திரையாலும் வந்திருக்கலாம். குறைப்பதும் நிறுத்துவதும் பரிசோதனை முடிவைப் பார்த்து மருத்துவர் எடுக்க வேண்டிய முடிவு.

இத்தனையையும் ஒரே நாளில் தொடங்க வேண்டாம். மாதத்துக்கு இரண்டு குறிப்பு போதும். பழகிய பிறகு அடுத்ததை எடுத்துக்கொள்ளுங்கள். இந்தப் பொறுப்பை வீட்டில் சமைக்கும் ஒருவர் தலையில் மட்டும் சுமத்தாதீர்கள். காய் நறுக்குவது, பயறு ஊறவைப்பது, எண்ணெய் அளப்பது, தட்டில் பரிமாறுவது என்று வீட்டு ஆண்களும் பிள்ளைகளும் ஆளுக்கொரு வேலையைப் பங்கிட்டுக்கொள்ளுங்கள். சேர்ந்து சமைத்து, எல்லோரும் ஒன்றையே சாப்பிடும் வீட்டில்தான் நல்ல பழக்கம் நிலைக்கும்.