கொந்தளிப்பின் நடுவே வணிகத் தலைவரின் கடமை

இனவெறிக்கு ஓர் உயிர் பலியாகி, ஊர் கொந்தளித்து நிற்கும் வேளையில், பெரிய ஸ்தாபனமொன்றின் தலைவருக்கு முதலில் எழும் எண்ணம் அறிக்கை விடவேண்டும் என்பதுதான். அதுவே எல்லாவற்றுக்கும் கடைசியில் செய்யத்தக்கது என்பது என் திடமான அபிப்பிராயம். 2020 மே 25 அன்று மின்னியாபொலிஸ் நகரில், ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கறுப்பினத்தவரின் கழுத்தை ஒன்பது நிமிஷங்களுக்கு மேல் முழங்காலால் அழுத்தி ஒரு போலீஸ்காரர் கொன்றபின், அமெரிக்கக் கம்பெனிகள் வெளியிட்ட அனுதாப வாசகங்களுக்குக் குறைவே இல்லை. அத்தகைய சந்தர்ப்பத்தில் உண்மையாக நடந்துகொள்ள விரும்பும் தலைவருக்காகவே இதை எழுதுகிறேன்.

முதல் காரியம், பாதிக்கப்பட்டவர்களை நேரில் சென்று காண்பது. 2018 ஏப்ரலில் பிலடெல்பியாவின் ஸ்டார்பக்ஸ் கடையொன்றில், நண்பருக்காகக் காத்திருந்த இரண்டு கறுப்பின இளைஞர்களைக் கடைப் பொறுப்பாளர் போலீஸை அழைத்துக் கைது செய்வித்தபோது, கம்பெனியின் தலைவர் கெவின் ஜான்சன் அந்நகருக்கே போய் அவ்விருவரிடமும் நேரில் மன்னிப்புக் கேட்டார். மே 29 பிற்பகலில், அமெரிக்காவிலிருந்த சுமார் 8,000 கடைகளை மூடி ஊழியருக்குப் பயிற்சி அளித்தார். கலவரத்தில் உடைந்த கண்ணாடியைப் பற்றியும் இன்ஷூரன்ஸைப் பற்றியும் பேசவேண்டிய நேரம் வரத்தான் செய்யும். போன உயிரைப் பற்றிப் பேசுமுன் அதைப் பேசாதீர்கள். கடை மூடியிருக்கும் நாட்களுக்கும் ஊழியருக்குச் சம்பளம் உண்டென்று அன்றே சொல்லிவிடுங்கள்.

அடுத்து, யாரோடு பேசுவது என்பதை நிதானமாகத் தீர்மானிக்கவேண்டும். நமக்கு இசைவாகத் தலையாட்டும் பெரிய மனிதர்களோடு பேசி முடித்த சமாதானத்தைத் தெருவில் நிற்பவர்கள் ஏற்கமாட்டார்கள். 1962-63 இல் அலபாமா ராஜ்யத்தின் பர்மிங்ஹாம் நகர வணிகர்கள், அங்கே நிறப் பாகுபாட்டை எதிர்த்துப் போராடிய பாதிரியார் ஃபிரெட் ஷட்டில்ஸ்வர்த்தை ஒதுக்கிவிட்டு எந்த உடன்பாடும் நிலைக்காது என்பதைக் கண்டுகொண்டார்கள். ஏனெனில் ஜனங்கள் அவர் பின்னால் இருந்தார்கள்.

மூன்றாவது, தன் கூரைக்குக் கீழே நடப்பதைத் தானே பார்ப்பது. அந்நாளைய பர்மிங்ஹாம் ஜவுளிக் கடைகளில் கறுப்பினப் பெண் காசு கொடுத்துச் சட்டை வாங்கலாம், ஆனால் அதைப் போட்டுப் பார்க்கும் அறைக்குள் நுழையக் கூடாது. கடை முழுதும் சாமான் வாங்கலாம், அதே கடையின் சிற்றுண்டிப் பகுதியில் உட்கார்ந்து ஒரு கோப்பை காப்பி குடிக்கக் கூடாது. குடிநீர்க் குழாய்கூட வேறு. விற்பனைப் பணியில் கறுப்பினத்தவரை அமர்த்துவது என்ற பேச்சுக்கே இடமில்லை. இன்று அப்படித் தடுக்கும் பலகைகள் தொங்குவதில்லை. ஆகையால் சம்பளப் பட்டியலிலும், பதவி உயர்வுக் கோப்புகளிலும், காவலாளி யாரைப் பின்தொடர்கிறான் என்பதிலும் தலைவர் கண்ணை ஓட்டவேண்டும்.

நான்காவது, நாள் குறித்து வாக்குக் கொடுப்பது. 1963 மே மாதத்தில் பர்மிங்ஹாமில் ஊர்வலம் சென்ற சிறுவர் சிறுமியர்மீது போலீஸ் நாய்களும் தீயணைப்புக் குழாய்த் தண்ணீரும் ஏவப்பட்டதை உலகமே படங்களில் பார்த்துப் பதறியபோது, சிட்னி ஸ்மையர் என்ற வீடு நில வியாபாரி முன்னின்று நடத்திய பேச்சுவார்த்தையின் பலனாக மே 10 அன்று பிறந்த ஒப்பந்தம், உடை மாற்றும் அறைகளுக்கு இத்தனை நாள், சிற்றுண்டிப் பகுதிக்கு இத்தனை நாள் என்று ஒவ்வொன்றுக்கும் கெடு வைத்தது. மறுநாள் இரவே வெடிகுண்டுகள் வெடித்தும் அந்த ஒப்பந்தம் முறியவில்லை.

கடைசியாகச் சொல்வதே மிகக் கடினமானது: கொடுத்ததைத் திரும்பப் பறிக்காதிருத்தல். அதே பர்மிங்ஹாம் வணிகர்களில் சிலர் 1962 இலேயே நிறப் பாகுபாட்டுப் பலகைகளைக் கழற்றிவிட்டு, நெருக்கடி தணிந்ததும் மீண்டும் மாட்டினார்கள். அடுத்த ஆண்டுப் போராட்டத்தின் உக்கிரத்துக்கு அந்த நம்பிக்கைத் துரோகமும் ஒரு காரணம். மின்னியாபொலிஸையே தலைமையிடமாகக் கொண்ட டார்கெட் கம்பெனி, 2020க்குப் பின் ஏற்ற சமத்துவ இலக்குகளை 2025 ஜனவரியில் முடித்துக்கொள்வதாக அறிவித்தபின், கறுப்பினத் திருச்சபைத் தலைவர்கள் அக்கம்பெனியின் கடைகளைப் பகிஷ்கரிக்க அழைப்பு விடுத்தார்கள். ஆகவே, தாங்கள் கொடுத்த வாக்குறுதிகளில் எத்தனை நிறைவேறின, எத்தனை நின்றுபோயின என்பதை, ஆண்டறிக்கையில் லாப நஷ்டக் கணக்குக்குப் பக்கத்திலேயே வருஷந்தோறும் அச்சிட்டு வெளியிடுங்கள்.