விருப்பாட்சி தரும் பாடம்

பழனிக்கு அருகே மலையடிவாரத்தில் உள்ள நம் பாலசமுத்திரம், முன்னாளில் பழனிப் பாளையக்காரர்கள் வாழ்ந்த ஊர். பழனியிலிருந்து ஒட்டன்சத்திரம் செல்லும் வழியில் உள்ள விருப்பாட்சியும் அத்தகைய பாளையமே. அதன் தலைவர் கோபால நாயக்கரின் வரலாற்றை அங்கத்தினர் அனைவரும் அறிதல் நலம்.

1772இல் காளையார்கோயிலில் சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதர் வீழ்ந்தார். அரசி வேலு நாச்சியாருக்கு விருப்பாட்சி அடைக்கலம் தந்தது. ஹைதர் அலியும் உதவ, 1780இல் அரசி தம் சீமையை மீட்டார்.

1792இல் திண்டுக்கல் சீமை திப்புவிடமிருந்து கும்பெனியார் வசமாயிற்று. தனித்து நின்ற பாளையங்கள் ஒவ்வொன்றாக ஒடுக்கப்பட்டன. ஆகவே கோபால நாயக்கர் அண்டைப் பாளையங்களை ஒன்று சேர்த்தார். மருது சகோதரர்களோடும் தீரன் சின்னமலையோடும் உறவு கொண்டார். 1800 ஜூனில் கோவைக் கோட்டையைத் தாக்கும் முயற்சி தோல்வியுற்றது. வீரர் 42 பேர் தூக்கிலிடப்பட்டனர். 1801இல் கோபால நாயக்கரும் தூக்கிலேறினார்.

அவ்வூரின் பெயர் இன்று மலை வாழையிலும் விளங்குகிறது. பழனிப் பஞ்சாமிர்தத்துக்குப் புகழ் சேர்க்கும் விருப்பாட்சி வாழை, புவிசார் குறியீடு பெற்றது. சின்னாளப்பட்டிச் சேலையைப் போல, இப்பெயரும் பலருக்கும் பொதுச் சொத்து. ஒருவர் வேறு பழத்தை அப்பெயரில் விற்றால் நட்டம் அனைவருக்கும் உண்டு. முன்னோர் உயிர் கொடுத்துக் காத்த ஒற்றுமையை, நாம் நாணயத்தால் காப்போமாக.