கம்பாலாவும் சியாட்டிலும்: புற்றுநோய் ஆய்வுக் கூட்டணியை நடத்துவது எப்படி?

2004-ஆம் ஆண்டில் உகாண்டா நாடு முழுமைக்கும் ஒரே ஒரு புற்றுநோய் மருத்துவர்தான் இருந்தார். அவர் பெயர் ஜாக்சன் ஓரெம். அவர் பணியாற்றிய உகாண்டா புற்றுநோய் நிறுவனத்துக்கும் அமெரிக்காவில் சியாட்டில் நகரத்து ஃபிரெட் ஹட்சின்சன் புற்றுநோய் ஆய்வு மையத்துக்கும் அந்த ஆண்டில்தான் உறவு தொடங்கியது. 2008-ல் அது முறையான கூட்டணி ஆனது. 2015 மே மாதம் கம்பாலாவின் முலாகோ குன்றில், இரு நிறுவனங்களின் பெயரையும் தாங்கிய கட்டடம் திறக்கப்பட்டது. சிகிச்சை, ஆய்வுக்கூடம், பயிற்சி மூன்றும் அதற்குள் வந்தன.

இத்தகைய கூட்டணியில் விஞ்ஞானிகளின் பெயர்தான் வெளியே தெரியும். ஆனால் அது நிற்பதும் சரிவதும் ஒப்பந்தக் கோப்பு, வங்கிக் கணக்கு, ஃப்ரீசர் சாவி ஆகியவற்றை வைத்திருப்பவர்களைப் பொறுத்தது. இந்த வழிகாட்டி அவர்களுக்கானது.

தேவையை எழுதிக்கொள்ளுங்கள்

முதல் வேலை, இரு தரப்பும் தனித்தனியே உட்கார்ந்து தங்களுக்கு என்ன வேண்டும் என்று ஒரு பக்கத்துக்குள் எழுதுவது. சியாட்டில் ஆய்வாளர்கள் தேடியது வைரஸால் வரும் புற்றுநோய்களைப் படிக்கும் வாய்ப்பு. பர்க்கிட் லிம்ஃபோமா, கபோசி சார்க்கோமா போன்றவை அமெரிக்காவில் அரிது, கம்பாலாவில் அன்றாடம். கம்பாலாவுக்கோ மருத்துவர்களும் ஆய்வுக்கூடமும் வேண்டும். இரண்டும் வேறு வேறு தேவைகள். வேறாக இருப்பதில் தவறில்லை. அவற்றை மறைத்துவிட்டு ‘மானுட நலன்’ என்று பொதுவாக எழுதிக்கொண்டால், மூன்றாம் ஆண்டில் பணம் குறையும்போது எதை வெட்டுவது என்று யாருக்கும் தெரியாது.

நோயாளிகள் இருக்கும் நிறுவனம் தன் பட்டியலை முதலில் மேசையில் வைக்க வேண்டும். பணம் வைத்திருப்பவர் முதலில் பேசினால் மற்றவர் தலையாட்டத்தான் செய்வார்.

ஒப்பந்தம்: பிரிவுக்கான பக்கத்தை முதலில் எழுதுங்கள்

புரிந்துணர்வு ஒப்பந்தம் பொதுவாக நான்கைந்து பக்கத்தில் முடிந்துவிடும். அதில் பெரும்பாலோர் கடைசிக்குத் தள்ளிவிடும் பத்தி, கூட்டணி முடிந்தால் என்ன ஆகும் என்பது. கருவிகள் யாருக்கு? சேமித்த ரத்தமும் திசுவும் எங்கே இருக்கும்? சிகிச்சையின் பாதியில் நிற்கும் நோயாளிகளுக்கு மருந்து யார் தருவது?

உகாண்டா புற்றுநோய் நிறுவனத்தின் சொந்த வரலாறே இதற்குச் சான்று. 1967-ல் அது அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் துணையோடு தொடங்கப்பட்டது; முதல் இயக்குநர் அமெரிக்க மருத்துவர் ஜான் சீக்லர். 1971-ல் இடி அமீன் ஆட்சியைப் பிடித்த பிறகு வெளிநாட்டவர் வெளியேற வேண்டியதாயிற்று. நிறுவனம் மூடப்படவில்லை, ஏனென்றால் பொறுப்பேற்க சார்ல்ஸ் ஓல்வெனி என்ற உகாண்டா மருத்துவர் அங்கேயே இருந்தார். ஆனால் பணமும் மருந்தும் வற்றி, தொடர்ந்த பல ஆண்டுகள் அந்த நிறுவனம் பட்ட பாடு பெரிது. பயிற்சி பெற்ற ஆள் இருந்தார், பணத்துக்கான ஏற்பாடு இல்லை. ஒப்பந்தம் எழுதுபவர்கள் இந்த இரண்டையும் சேர்த்தே யோசிக்க வேண்டும்.

அலுவலகமும் நேரமும்

இரு பக்கமும் ஒரு முதன்மை ஆய்வாளர், ஒரு திட்ட மேலாளர், ஒரு கணக்கர் இருக்கட்டும். திட்ட மேலாளர் பதவியை நோயாளிகள் இருக்கும் பக்கத்தில் முழுநேர வேலையாக வையுங்கள். வார்டில் நாற்பது பேரைப் பார்க்கும் மருத்துவரின் தலையில் அதையும் கட்டக் கூடாது. இரு தரப்பிலும் சம எண்ணிக்கையில் உறுப்பினர் கொண்ட வழிநடத்தும் குழு மாதம் ஒருமுறை கூடட்டும்.

கூட்ட நேரம் சின்ன விஷயமாகத் தெரியும். கம்பாலாவுக்கும் சியாட்டிலுக்கும் கோடையில் பத்து மணி நேர வித்தியாசம், குளிர்காலத்தில் பதினொன்று. கம்பாலாவில் மாலை ஆறு என்றால் அங்கே காலை எட்டோ ஏழோ. எப்போதும் ஒரே தரப்பு இரவில் விழித்திருந்தால், அந்தத் தரப்பு மெல்லப் பேசாமல் போய்விடும். நேரத்தை மாற்றி மாற்றி வையுங்கள், முடிவுகளை அடுத்த நாளே எழுதி அனுப்புங்கள்.

பணம்

கூட்டணிகள் அதிகம் திணறுவது இங்கேதான். பெரிய நிறுவனம் மானியம் பெற்று, அதில் ஒரு பகுதியைத் துணை மானியமாகச் சிறிய நிறுவனத்துக்குத் தருவது வழக்கம். பெரும்பாலும் ‘செலவழித்து ரசீது அனுப்பு, பிறகு தருகிறோம்’ என்பதே விதி. கையில் இருப்பே இல்லாத அரசு மருத்துவமனை எதிலிருந்து செலவழிக்கும்? செவிலியருக்குச் சம்பளம் தாமதமாகும், பரிசோதனைப் பொருள் தீர்ந்துபோகும். எனவே மூன்று மாதச் செலவை முன்பணமாகக் கேட்டு வாங்குவதை ஒப்பந்தத்திலேயே சேர்க்க வேண்டும். நாணய மதிப்பு இறங்கினால் நட்டம் யாருக்கு என்பதையும் எழுதுங்கள்.

பராமரிப்புக்குத் தனிப் பணம் ஒதுக்குங்கள். 2016-ல் உகாண்டாவின் ஒரே கதிர்வீச்சுச் சிகிச்சைக் கருவி பழுதானது. புதியது வேலைக்கு வர ஒன்றரை ஆண்டுக்கு மேல் ஆயிற்று. அத்தனை மாதங்கள் ஒரு நாட்டுக்குள் அந்தச் சிகிச்சை இல்லை. ஆய்வுக் கருவிகளுக்கும் இதே கதி வரலாம்: உதிரிப் பாகம், மின்தடைக்கு ஜெனரேட்டர், டீசல், பழுது பார்ப்பவரின் பயணச் செலவு எல்லாம் முதல் ஆண்டு பட்ஜெட்டிலேயே வரி வரியாக இருக்க வேண்டும்.

ஒரே கொடையாளரை நம்ப வேண்டாம். முலாகோ கட்டடத்துக்குப் பணம் தந்தவர்களில் ஒன்றான அமெரிக்கச் சர்வதேச வளர்ச்சி முகமை 2025-ல் கலைக்கப்பட்டது. அதே ஆண்டு மே மாதம், அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்கள் வெளிநாட்டுக்குத் துணை மானியம் தரும் பழைய முறையை நிறுத்தின.

பங்காளி இந்திய நிறுவனம் என்றால் வேறு விதிகளும் உண்டு. வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின் 2020 திருத்தப்படி, அந்தச் சட்டத்தின் கீழ் வரும் பணம் டெல்லியில் பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக் கணக்கில்தான் முதலில் வந்து சேர வேண்டும். இன்னொரு அமைப்புக்கு அதை மாற்றித் தர முடியாது. நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. மேலாளர், கணக்கர் சம்பளத்தைத் திட்டமிடுமுன் தணிக்கையாளரிடம் இதைப் பேசிவிடுவது நல்லது.

அனுமதியும் மாதிரிகளும்

இரு நாட்டு நெறிமுறைக் குழுக்களும் தனித்தனியே ஒப்புதல் தர வேண்டும். உகாண்டாவில் அதற்கு மேல் தேசிய அறிவியல் தொழில்நுட்பக் கவுன்சிலின் அனுமதியும் தேவை. இந்தியாவில் மத்திய சுகாதார அமைச்சகத்தின் பரிசீலனைக் குழுவை அணுக வேண்டும். மாதக் கணக்கில் ஆகும் என்று அட்டவணையில் இடம் விடுங்கள். ஒப்புதல் படிவம் லுகாண்டாவிலோ தமிழிலோ, நோயாளி வீட்டில் பேசும் மொழியில் இருக்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத தாய்க்கு அதை வாசித்துக் காட்ட ஒருவரும் வேண்டும்.

மாதிரிகள் நாடு தாண்டிப் போகும் கதை கம்பாலாவுக்குப் பழையது. அங்கே பணியாற்றிய அறுவை மருத்துவர் டெனிஸ் பர்க்கிட் 1958-ல் குழந்தைகளின் தாடைக் கட்டியைப் பற்றி எழுதினார். அந்தக் கட்டிகளின் துண்டுகள் லண்டனில் ஆண்டனி எப்ஸ்டீனின் ஆய்வுக்கூடத்துக்கு விமானத்தில் போயின. ஒருமுறை லண்டனில் மூடுபனி. விமானம் மான்செஸ்டருக்குத் திருப்பிவிடப்பட்டது. தாமதமாக வந்த குப்பிக்குள் திரவம் கலங்கியிருந்தது. கெட்டுப்போயிற்று என்று கொட்டிவிடாமல் பார்த்தபோது, தனித்தனியே மிதக்கும் உயிருள்ள செல்கள் தெரிந்தன. 1964-ல் எப்ஸ்டீன்-பார் வைரஸ் வெளிச்சத்துக்கு வந்தது. மனிதரில் புற்றுநோயோடு தொடர்புபடுத்தப்பட்ட முதல் வைரஸ் அது.

அதிர்ஷ்டத்தை இன்று திட்டமாக வைக்க முடியாது. மாதிரிப் பரிமாற்ற ஒப்பந்தம், ட்ரை ஐஸ், வழியில் வெப்பநிலையைப் பதியும் கருவி எல்லாம் வேண்டும். ஒவ்வொரு மாதிரியிலும் பாதி பிறந்த நாட்டிலேயே, மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசரில் தங்க வேண்டும். எந்த ஆய்வுக் கேள்விக்காக மாதிரி எடுக்கப்பட்டதோ அதற்கு மட்டும் பயன்படுத்தலாம், புதுக் கேள்விக்குப் புது அனுமதி என்று எழுதிவிடுங்கள்.

பயிற்சி

உகாண்டா மருத்துவர்கள் சியாட்டிலுக்குப் போய்ப் பயின்று திரும்பினார்கள். திரும்புவது தானாக நடக்காது. புறப்படும் முன்பே, வந்ததும் அமரும் பதவி, சம்பளம், ஆய்வுக்கான வார நேரம் மூன்றும் எழுத்தில் இருக்க வேண்டும். மருத்துவரோடு நிறுத்தவும் கூடாது. நோய்க்குறியியல் தொழில்நுட்பர், மருந்தாளுநர், கீமோ தரும் செவிலியர், தரவு மேலாளர் இல்லாத இடத்தில் தனி மருத்துவர் என்ன செய்வார்? இத்தாலியின் மோன்சாவும் நிகராகுவாவின் லா மஸ்கோட்டா மருத்துவமனையும் 1986-ல் தொடங்கிய குழந்தைப் புற்றுநோய்க் கூட்டணி, மருத்துவப் பயிற்சியோடு குடும்பங்களின் பயணச் செலவையும் தங்குமிடத்தையும் கவனித்தது. சிகிச்சையைப் பாதியில் விட்டுப்போகும் குழந்தைக்கு எந்த நிபுணரும் உதவ முடியாதே.

நோய்க்கும் இடத்துக்கும் ஏற்ற சிகிச்சை முறையைக் கூடி வகுப்பதும் பயிற்சிதான். 1980-களில் சென்னை அடையாறு புற்றுநோய் நிலையமும் மும்பை, டெல்லி மையங்களும் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் இயன் மக்ராத்தோடு சேர்ந்து, ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்காக எம்சிபி-841 என்ற சிகிச்சைத் திட்டத்தைக் கையாண்டன. இந்திய மருத்துவமனைகள் தாங்கக்கூடிய தீவிரத்தில் அது அமைந்திருந்தது. இருபதாண்டு அனுபவம் 2005-ல் கட்டுரையாக வந்தபோது மக்ராத்தை அடுத்து இருந்த பெயர் அடையாறு நிலையத்தின் டாக்டர் வி. சாந்தாவுடையது.

கட்டுரைகளில் யார் பெயர் எங்கே வரும் என்பதையும் ஆய்வு தொடங்கும்போதே முடிவு செய்யுங்கள்.

ஆண்டுக்கொரு கணக்கு

எத்தனை பயிலரங்கு நடந்தது என்று எண்ணுவது எளிது, பயனும் குறைவு. எண்ண வேண்டியவை வேறு: நோயறியும் நாளுக்கும் சிகிச்சை தொடங்கும் நாளுக்கும் இடையே எத்தனை நாள், எத்தனை பேர் சிகிச்சையை முடித்தார்கள், பயின்றவர்களில் எத்தனை பேர் அதே மருத்துவமனையில் இருக்கிறார்கள், உள்ளூர் ஆய்வாளர் தலைமையில் எத்தனை மானியம் வந்தது. அதோடு, சிறிய நிறுவனம் சொந்தப் பணத்தில் நடத்தும் வேலைகளின் பட்டியல் ஆண்டுதோறும் நீள்கிறதா என்று பார்க்க வேண்டும். நீளவில்லை என்றால், அடுத்த ஆண்டு எந்தச் சம்பளம் எந்த மாதத்தில் அரசுக் கணக்குக்கு மாறும் என்று தேதி குறித்துக்கொண்டுதான் கூட்டத்தை முடிக்க வேண்டும்.