இணைப்பு அறுந்தால் என்ன ஆகும் என்று எழுது

அன்புள்ள கயல்விழிக்கு,

பெரியப்பா எழுதுகிறேன். லினக்ஸ் கெர்னலில் ஃபைல் சிஸ்டம் ஆவணங்களைச் சீர்செய்யும் வேலையில் இறங்கியிருக்கிறாய் என்று உன் அப்பா சொன்னான். புரோகிராம் எழுத வராதவர்கள்தான் டாக்குமென்ட் எழுதுவார்கள் என்று கூட்டாளிகள் கேலி பேசுகிறார்களாமே? காதில் போட்டுக்கொள்ளாதே. சர்வர் அறைகளிலேயே வயதைக் கழித்தவன் சொல்கிறேன்: நடு இரவில் மெஷின் உறைந்து நிற்கும்போது எவனும் சி மொழி நிரலைத் திறந்து படிப்பதில்லை. ஆவணத்தைத்தான் தேடுவான். அந்த ஆளுக்காக எழுது.

முதலில் எந்த வகையைப் பற்றி எழுதுகிறாய் என்பதைப் பிரித்துச் சொல். 1984இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் கொண்டுவந்த என்.எஃப்.எஸ்.ஸில் டிஸ்க் சர்வருக்குச் சொந்தம். மற்ற மெஷின்கள் நெட்வொர்க் வழியாகக் கேட்டுத்தான் வாங்க வேண்டும். ஓ.சி.எஃப்.எஸ்.2, ஜி.எஃப்.எஸ்.2 இரண்டும் வேறு சாதி. இரண்டுமே 2006இல் கெர்னலுக்குள் வந்தவை. இவற்றில் பல மெஷின்கள் ஒரே டிஸ்க்கை நேராகத் தொடும். பங்காளிகள் முறை வைத்து இறைக்கும் கூட்டுக் கிணறு போல, யாருக்கு இப்போது முறை என்று ஒரு பூட்டு மேலாளர் தீர்மானிப்பார். 2010இல் கெர்னலில் சேர்ந்த செஃப் மூன்றாவது வகை. அதில் தரவே பல மெஷின்களில் பரவிக் கிடக்கும்.

இந்தப் பிரிவு வெறும் பாடப்புத்தக வகைப்பாடு அல்ல. ஜி.எஃப்.எஸ்.2ஐ 'லாக்_நோலாக்' என்று மவுண்ட் செய்தால் பூட்டு மேலாளரே இல்லை. ஒரே மெஷினில் அதனால் தொந்தரவில்லை. அதே டிஸ்க்கை இரண்டு மெஷின்களில் அப்படி மவுண்ட் செய்தால் தரவு நாசம். 'ஒற்றை மெஷினுக்கு மட்டும்' என்ற ஒரு வரி அந்த விருப்பத்தின் பக்கத்திலேயே இருக்க வேண்டும். நான்கு பக்கம் தள்ளி இருந்தால் பயனில்லை.

அடுத்தது, எல்லாம் நன்றாக நடக்கும்போது என்ன ஆகும் என்று எழுதுவது சுலபம். சர்வர் பதில் சொல்லாமல் போனால் என்ன ஆகும்? அதை எழுது. என்.எஃப்.எஸ்.ஸில் 'ஹார்ட்' என்று மவுண்ட் செய்தால் சர்வர் திரும்பி வரும்வரை கெர்னல் கேட்டுக்கொண்டே இருக்கும், புரோகிராம் தொங்கும். 'சாஃப்ட்' என்றால் சில முயற்சிகளுக்குப் பிறகு பிழை என்று சொல்லிவிடும். தொங்கல் பிடிக்காமல் பலரும் 'சாஃப்ட்' பக்கம் போவார்கள். அந்தப் பிழையைச் சரியாகக் கவனிக்காத புரோகிராம், எழுதாத தரவை எழுதிவிட்டதாக நினைத்துக்கொள்ளும். ஃபைல் சத்தமில்லாமல் கெட்டுப்போகும். இந்த எச்சரிக்கை இல்லாத விளக்கம் பாதி விளக்கம்தான்.

பல மெஷின்கள் ஒரே டிஸ்க்கைத் தொடும் கிளஸ்டரிலும் இதே கதைதான். ஒரு மெஷின் மற்றவற்றோடு தொடர்பை இழந்தால் அதை ஒதுக்கிவைத்தாக வேண்டும். ஓ.சி.எஃப்.எஸ்.2இல் இதயத்துடிப்பு தவறிய மெஷின் தன்னைத்தானே ரீபூட் செய்துகொள்ளும். ஜி.எஃப்.எஸ்.2இல் ஒதுக்கல் முடியும்வரை, அந்த மெஷின் வைத்திருந்த பூட்டுகளுக்காக மற்றவை காத்து நிற்கும். விஷயம் தெரியாதவன் இதைக் கோளாறு என்று நினைத்துக் கையில் கிடைத்த பொத்தானை அழுத்துவான். தரவைக் காக்கவே இப்படிச் செய்கிறது என்று நீ காரணத்தோடு எழுதியிருந்தால் அவன் கை நிற்கும்.

மூன்றாவது, அலகும் வெர்ஷனும். என்.எஃப்.எஸ். பதிலுக்குக் காத்திருக்கும் நேரத்தைச் சொல்லும் 'டைமியோ' மதிப்பு 600 என்றால் அது 60 விநாடி. கணக்கு விநாடியில் பத்தில் ஒரு பங்கு. அலகைச் சொல்லாத எண் பொறி. விண்டோஸ் பகிர்வுகளை எடுக்கும் சிஃப்ஸ், 4.13க்கு முந்தைய கெர்னல்களில் தானாக எஸ்.எம்.பி. 1.0 பேசியது. 4.13இல் அது 3.0 ஆனது. 4.13.5 முதல், 2.1க்குக் குறையாமல் சர்வரோடு பேசி முடிவு செய்கிறது. ஆகவே 'இயல்பாக இது' என்று மொட்டையாக எழுதாதே. எந்த வெர்ஷனிலிருந்து என்பதையும் சேர்.

ஒரே பெயருள்ள கட்டளை ஊருக்கு ஊர் வேறு வேலை செய்வதையும் கவனி. 'எஃப்லாக்' பூட்டு 2.6.12க்கு முன் என்.எஃப்.எஸ்.ஸில் அந்த ஒரு மெஷினுக்குள் மட்டுமே செல்லும். பக்கத்து மெஷினுக்குத் தெரியாது. ஓ.சி.எஃப்.எஸ்.2இல் 'லோக்கல்எஃப்லாக்ஸ்' என்ற மவுண்ட் விருப்பத்தைக் கொடுத்தால் இன்றும் அப்படித்தான். ஆகவே, பூட்டு எதுவரை செல்லும், ஒருவர் எழுதியது மற்றவருக்கு எப்போது தெரியும் என்ற இரண்டு கேள்விகளுக்கும் ஒவ்வொரு ஃபைல் சிஸ்டத்திலும் பதில் எழுது.

வேலை முறையைப் பற்றிக் கொஞ்சம். கெர்னல் மூலத்திலுள்ள ஆவணங்கள் ஒரு பக்கம், என்.எஃப்.எஸ். மவுண்ட் விருப்பங்களைச் சொல்லும் மேன் பக்கம் வேறு தொகுப்பில். இரண்டிலும் ஒரே விஷயத்தை நகல் எடுத்து வைத்தால் ஒன்று நிச்சயம் பழசாகும். ஓரிடத்தில் எழுதி, மற்றதிலிருந்து வழி காட்டு. பூட்டு விதிகளைச் சொல்லும் 'லாக்கிங்' ஆவணம், விதியை மாற்றுகிறவர்கள் தன்னையும் திருத்த வேண்டும் என்ற வேண்டுகோளோடுதான் தொடங்குகிறது. அந்த வேண்டுகோளை மறந்து வரும் பேட்சைப் பார்த்தால் தயங்காமல் கேள். பழைய ஆவணத்தை நம்பிப் புதியதை எழுதாதே. நிரலைப் படி, கிட் வரலாற்றில் காரணத்தைத் தேடு, பராமரிப்பாளரிடம் கேள். எழுத்துப்பிழைத் திருத்தத்தையும் பொருள் மாற்றத்தையும் ஒரே பேட்சில் கலக்காதே. பதில் தாமதமானால் மனம் தளராதே. அவர்களுக்கும் வேலை தலைக்கு மேல்.

ஒவ்வொரு பக்கத்தையும் அனுப்பும் முன் உன்னையே கேட்டுக்கொள்: இணைப்பு அறுந்த நேரத்தில் இதைப் படிக்கிறவனுக்கு அடுத்து என்ன செய்வது, எதைச் செய்யக் கூடாது என்று தெரியுமா? தெரியும் என்றால் அனுப்பு. இல்லையென்றால் இன்னொரு நாள் உட்கார்ந்து எழுது.

அன்புடன்,
பெரியப்பா