பழியெல்லாம் ஹார்ட் டிஸ்க் தலையில்

"இன்ஸ்டாலேஷன் பாதியில நின்னுடுச்சா? அப்போ ஹார்ட் டிஸ்க் போச்சு, மாத்திடுங்க." இந்த ஒரே வசனத்தால் குப்பைக்குப் போன நல்ல ஹார்ட் டிஸ்க்குகளை நினைத்தால் வயிறு எரிகிறது. கடைக்காரர் சொல்கிறார். அவரிடம் கேட்டுவிட்டு வந்த மாமா சொல்கிறார். கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கும் பிள்ளைகளும் அப்படியே ஒப்பிக்கிறார்கள். டிவிடி 27 சதவீதத்தில் நின்றதாம், அதனால் டிஸ்க் செத்ததாம். நடுவே ஒரு சோதனை? கிடையாது.

உள்ளே என்ன நடக்கிறது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். விண்டோஸ் 7 டிவிடியையே எடுத்துக்கொள்வோம். மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரியில் கைகழுவிவிட்ட பிறகும் பில் போடும் கடைகளில் அதைத்தான் ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். கணினி டிவிடியிலிருந்து கிளம்பியதும் பூட்.விம் என்ற சின்ன கோப்பு ராமில் ஏறுகிறது. மொழி கேட்பது, பார்ட்டிஷன் காட்டுவது எல்லாம் அதன் வேலை. பிறகு 'எக்ஸ்பேண்டிங் விண்டோஸ் ஃபைல்ஸ்' என்று ஒரு வரி வருமே, அங்கேதான் விஷயம் இருக்கிறது. சோர்சஸ் ஃபோல்டரில் இன்ஸ்டால்.விம் என்று ஒரே கோப்பு. பதிப்பைப் பொறுத்து இரண்டு, மூன்று ஜிபி. மொத்த விண்டோஸும் அதற்குள் சுருக்கி அடைக்கப்பட்டிருக்கிறது. தட்டில் இருப்பதை டிவிடி டிரைவ் படித்துக் கொடுக்க, ராமில் வைத்து விரித்து, ஹார்ட் டிஸ்க்கில் எழுத வேண்டும். தட்டு, டிரைவ், ராம், ஹார்ட் டிஸ்க் என்று நான்கு பேர் கைமாற்றும் பந்தியில் இலைக்குச் சோறு வரவில்லை என்றால், இலையைக் கிழித்துப் போடுகிறார்கள் நம் ஆட்கள்.

சதவீதம் அசையாமல் நிற்கும்போது டிவிடி டிரைவ் பக்கம் காதைக் கொடுங்கள். விர்ரென்று வேகமெடுக்கும், தணியும், உள்ளே 'டக்'கென்று லென்ஸ் நகரும், மறுபடி விர்ர். படிக்க முடியாத ஓர் இடத்தில் முட்டிக்கொண்டு நிற்கிறது. கொஞ்ச நேரத்தில் 80070570 என்று முடியும் பிழை எண்ணோடு ஒரு பெட்டி வரும். அதில் எழுதியிருப்பதையாவது படிக்கக் கூடாதா? கோப்பு சிதைந்திருக்கலாம் அல்லது இல்லாமல் இருக்கலாம், தேவையான கோப்புகள் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு மறுபடி தொடங்கு என்கிறது. ஹார்ட் டிஸ்க் கெட்டாலும் இந்த எண் வரலாம்தான். ஆனால் அதை முதல் குற்றவாளியாக்க அந்தப் பெட்டியில் ஒரு வார்த்தையும் இல்லை.

பெரும்பாலும் குற்றவாளி தட்டுதான். வீட்டிலும் கடையிலும் எழுதும் டிவிடியில் தகவல் பதிவது சாயப் படலத்தில். மலிவுத் தட்டு, 16எக்ஸ் வேகம், எழுதி முடித்து ஜன்னலோரம் வெயிலில் போட்டு வைப்பது, இதற்கு மேல் என்ன வேண்டும்? 4எக்ஸிலோ 8எக்ஸிலோ எழுதுங்கள். விண்டோஸின் டிஸ்க் இமேஜ் பர்னரில் 'வெரிஃபை டிஸ்க் ஆஃப்டர் பர்னிங்' என்று ஒரு கட்டம் உண்டு. அதில் டிக் போட யாருக்கும் பொறுமை இல்லை, பிறகு ராத்திரி முழுக்க உட்கார்ந்து மல்லுக்கட்ட மட்டும் பொறுமை இருக்கிறது. இன்னும் சிலர் ஐஎஸ்ஓ கோப்பை அப்படியே இழுத்து டிவிடியில் போட்டுவிட்டு, "பூட் ஆகலை, போர்டு போச்சா?" என்று கேட்கிறார்கள். தட்டைத் திறந்தால் உள்ளே ஒரே ஒரு ஐஎஸ்ஓ கோப்பு தெரிகிறதா? அது இமேஜாக எழுதப்படவே இல்லை. இறக்கிய ஐஎஸ்ஓவே அரைகுறையாக இருந்தால் தட்டைக் குறை சொல்லியும் பயனில்லை. வெளியிட்டவர்கள் கொடுத்திருக்கும் எஸ்ஹெச்ஏ-256 எண்ணை ஒப்பிட்டுப் பாருங்கள். அதைக் கணக்கிடும் செர்ட்யூட்டில் கட்டளை விண்டோஸிலேயே இருக்கிறது.

கண்டுபிடிக்க ஓர் எளிய வழி. இரண்டு மூன்று முறை ஓட்டிப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே சதவீதத்தில் நின்றால் தட்டைச் சந்தேகியுங்கள். ஒருமுறை 12, ஒருமுறை 61 என்று இஷ்டத்துக்கு நின்றால் ராமைச் சந்தேகியுங்கள். அதே டிவிடியில் 'ரிப்பேர் யுவர் கம்ப்யூட்டர்' என்பதற்குள் மெமரி சோதனை இருக்கிறது. இரண்டு ராம் இருந்தால் ஒன்றைக் கழற்றிவிட்டும் ஓட்டலாம். அதே ஐஎஸ்ஓவை பென் டிரைவில் போட்டு முயன்று, அது தடங்கலின்றி ஏறினால் வழக்கு முடிந்தது. ஒரே எச்சரிக்கை: விண்டோஸ் 7 தட்டில் யுஎஸ்பி 3.0 போர்ட்டுக்கான டிரைவர் கிடையாது. நீல நிற போர்ட்டில் செருகினால் 'சிடி/டிவிடி டிரைவர் இல்லை' என்று உளறும். கறுப்பு போர்ட்டுக்கு மாற்றுங்கள்.

"இன்ஸ்டாலரில் ஹார்ட் டிஸ்க்கே தெரியலியே, அப்போ போனதுதானே?" இதுவும் அதே வதந்தியின் தங்கச்சி. எக்ஸ்பி காலத்திலிருந்து கேட்கிறேன். 2001-இல் வந்த எக்ஸ்பிக்கு ஏஹெச்சிஐ என்றால் என்னவென்று தெரியாது. பயாஸில் சாட்டா ஏஹெச்சிஐ முறையில் இருந்தால் ஹார்ட் டிஸ்க் இல்லை என்று அடித்துச் சொல்லும், அல்லது 7பி எண்ணோடு நீலத்திரை காட்டும். ஐடிஇ முறைக்கு மாற்றியதும் 'செத்த' டிஸ்க் எழுந்து உட்கார்ந்துவிடும். இன்டெலின் 11-ஆம் தலைமுறை லேப்டாப்புகளிலும் அதே கதை வேறு வேஷத்தில் ஓடுகிறது: டிஸ்க்கைக் கையாளும் விஎம்டி என்ற இன்டெல் வசதி இயங்கிக்கொண்டிருக்கும், இன்ஸ்டாலரிடம் அதற்கான டிரைவர் இருக்காது, புத்தம்புது எஸ்எஸ்டியைக் காணவில்லை என்பார்கள். பயாஸில் அதன் பெயர் தெரிகிறதா என்று பார்க்க அரை நிமிடம் ஆகாது.

மற்ற கதைகளுக்கு இவ்வளவு இடம் தேவையில்லை. பற்பசை தேய்த்தால் கீறல் போகுமா? பளபளப்புப் பக்கத்து லேசான கீறலுக்குச் சில நேரம் உதவும். ஆனால் சிடியில் தகவல் இருப்பது லேபிளுக்குச் சற்றே கீழே. அந்தப் பக்கம் கீறினால் எந்தப் பற்பசையும் காப்பாற்றாது. லோ லெவல் ஃபார்மேட் செய்தால் டிஸ்க் புதிதாகிவிடும் என்பது வெறும் பேச்சு. அது ஆலையிலேயே முடிந்துவிடும் வேலை, கடையில் செய்வது பூஜ்ஜியம் எழுதுவது மட்டுமே. எம்பிஆர், ஜிபிடி என்று பார்ட்டிஷன் முறையைக் காட்டி இன்ஸ்டாலர் மறுப்பதும் பழுது அல்ல, தட்டு எந்த முறையில் பூட் ஆனது என்ற தகராறு. பூட் மெனுவில் யுஇஎஃப்ஐ, லெகசி இரண்டில் சரியானதைத் தேர்ந்தெடுங்கள். மிரண்டுபோய் டிஸ்க்பார்ட்டில் 'க்ளீன்' அடித்தீர்களானால் எல்லாப் பார்ட்டிஷனும் போய்விடும். பிளாட்பாரத்தில் விற்கும் 'ஆல் இன் ஒன்' தட்டைப் பற்றி என்னிடம் கேட்கவே வேண்டாம். ஒற்றை அடுக்கு டிவிடி 4.7 ஜிபி, விண்டோஸ் 11 ஐஎஸ்ஓ அதைவிடப் பெரியது. அந்தத் தட்டில் எதை வெட்டினார்கள், எதைச் சேர்த்தார்கள் என்று யாருக்குத் தெரியும்?

ஹார்ட் டிஸ்க்கை விசாரிக்கத்தான் வேண்டும், ஆனால் ஒழுங்காக விசாரியுங்கள். அதற்கு நான் எப்போதும் சொல்வது லினக்ஸ். (ஆரம்பித்துவிட்டான் என்று சிரிப்பவர்கள் சிரிக்கலாம்.) 2011-இல் தமிழக அரசு மாணவர்களுக்கு லேப்டாப் கொடுக்கத் தொடங்கியபோது அதில் பாஸ் லினக்ஸும் இருந்தது, டெபியனை அடிப்படையாக வைத்து சி-டாக் உருவாக்கியது. பிள்ளைகள் பலர் செய்த முதல் காரியம் அதை அழித்ததுதான். அன்றே பழகியிருந்தால் இன்று இந்தப் பத்தியே தேவைப்பட்டிருக்காது. லினக்ஸ் மின்ட் போன்ற ஒன்றை டிவிடியிலோ பென் டிரைவிலோ போட்டு, இன்ஸ்டால் செய்யாமலேயே ஓட்டலாம். அதில் 'டிஸ்க்ஸ்' என்ற செயலியைத் திறந்தால் ஸ்மார்ட் விவரம், அதாவது டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் பட்டியல், கிடைக்கும். வரிசை எண் 5, மாற்றி ஒதுக்கப்பட்ட செக்டர்கள். 197, படிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டர்கள். இரண்டும் பூஜ்ஜியமாக இருக்கும் டிஸ்க்கைத் தூக்கிப் போடச் சொன்னால் கடையை விட்டு இறங்கிவிடுங்கள். 199, அதாவது கேபிள் வழியே தகவல் போகும்போது நேரும் பிழைகள், மட்டும் ஏறிக்கொண்டே போனால் சாட்டா கேபிளைத்தான் முதலில் மாற்ற வேண்டும், டிஸ்க்கை அல்ல.

5-உம் 197-உம் பூஜ்ஜியத்தைத் தாண்டி நாளுக்கு நாள் ஏறுகின்றனவா? அப்போது கடைக்காரர் சொன்னது சரி. இன்ஸ்டாலேஷனை அங்கேயே நிறுத்திவிட்டு, லினக்ஸ் ஓடும்போதே போட்டோக்களையும் கணக்குகளையும் வேறொரு டிஸ்க்குக்கு நகலெடுங்கள். புது டிஸ்க் வாங்கும்போது பழையதைக் கையோடு கேட்டு வாங்கி வாருங்கள். 'செத்தது' என்று நீங்கள் கடையில் விட்டு வருவதில் உங்கள் வீட்டுப் படங்கள் இன்னும் திறக்கும்.