ஸ்ட்ரைக்கரைத் தேர்ந்தெடுக்கும் முன்

புதிதாகக் கோச்சிங் தொடங்குபவர்கள் பெரும்பாலும் கேட்பது, நல்ல ஸ்ட்ரைக்கரை எப்படி அடையாளம் காண்பது என்றுதான். எந்த ஃபார்மேஷனுக்கு என்று திருப்பிக் கேட்பேன். அதற்குப் பதில் இருந்தால்தான் மேற்கொண்டு பேச முடியும்.

1. கோல் கணக்கைக் கடைசியாகப் பாருங்கள். போன சீசனில் ஒரு பையன் நிறைய கோல் அடித்திருக்கலாம். அவன் பக்கத்தில் யார் ஆடினார்கள், பந்து அவனுக்கு எங்கே வந்தது, எதிரணி டிஃபென்ஸ் எவ்வளவு மேலேறி நின்றது என்பதெல்லாம் தெரியாமல் அந்த எண்ணை வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது.

2. ஃபார்மேஷன் மாறினால் ஆளே மாறிவிடுவார். லுகாகுவை எடுத்துக்கொள்ளுங்கள். 2020-21இல் இன்டர் மிலானில் அன்டோனியோ கோன்டே அவரை 3-5-2இல் ஆட வைத்தார். பக்கத்திலேயே லவுட்டாரோ மார்ட்டினெஸ் இருந்தார். பந்து வந்ததும் லுகாகு டிஃபெண்டரை முதுகால் தடுத்து நிறுத்தி லவுட்டாரோவுக்குத் தட்டிவிடுவார். இல்லையென்றால் வலது பக்கம் விலகி, காலி இடத்தில் பந்தோடு ஓடுவார். அந்தச் சீசன் இத்தாலி லீகில் அவருக்கு 24 கோல், லவுட்டாரோவுக்கு 17, இன்டருக்குப் பட்டம். அடுத்த சீசனுக்குச் செல்சி பெருந்தொகை கொடுத்து அவரை வாங்கியது. அங்கே கோச் டுக்கெல் பெரும்பாலும் ஆட வைத்தது முன்னால் ஒற்றை ஆளை நிறுத்தும் ஆட்டம். அதே உடம்பு, அதே வேகம், லீகில் 8 கோல்தான். 2022 பிப்ரவரியில் கிரிஸ்டல் பேலஸ் ஆட்டத்தில் 90 நிமிடமும் களத்தில் இருந்து பந்தை 7 முறைதான் தொட்டார். அதில் ஒன்று கிக்-ஆஃப். சோம்பேறி என்று திட்டியவர்கள் பலர். நான் அப்படி நினைக்கவில்லை. அந்த ஆட்டத்தின் வீடியோ கிடைத்தால், அவரைச் சுற்றிப் பத்துப் பதினைந்து மீட்டருக்குள் சொந்த அணிக்காரர் யார் இருக்கிறார் என்று மட்டும் கவனித்துப் பாருங்கள்.

3. 4-2-3-1இல் ஒற்றை ஸ்ட்ரைக்கரின் முதல் வேலை பந்தைத் தாங்குவது. 2018 உலகக் கோப்பையில் பிரான்ஸ் முதல் ஆட்டத்தை கிரீஸ்மன், எம்பாப்பே, டெம்பெலே என்ற வேகமான முன்வரிசையோடு தொடங்கித் திணறியது. ஆஸ்திரேலியாவை 2-1 என்றுதான் வெல்ல முடிந்தது. அடுத்த ஆட்டத்திலிருந்து ஜிரூவை நடுவில் நிறுத்தினார் கோச் டெஷாம்ப். ஜிரூ அந்தத் தொடர் முழுக்க ஒரு கோலும் அடிக்கவில்லை. அவர் அடித்த ஒரு ஷாட்கூட கோல்கம்பத்தை நோக்கிப் போகவில்லை. ஆனால் எதிரணியின் இரண்டு சென்டர் பேக்குகளையும் தன்னோடு கட்டிப்போட்டார். கிரீஸ்மனுக்கும் எம்பாப்பேவுக்கும் ஆளுக்கு 4 கோல், பிரான்ஸுக்குக் கோப்பை. உங்கள் பள்ளி அணியில் இப்படி ஒரு பையன் இருந்தால், அவன் கோல் அடிக்கவில்லையே என்று அவனுடைய அப்பா வந்து கேட்பார். அவருக்கு இதை விளக்கிச் சொல்வதும் உங்கள் வேலைதான்.

4. இரண்டு பேரை நிறுத்தினால், ஒரே மாதிரி இரண்டு பேரை நிறுத்தாதீர்கள். 2015-16இல் இங்கிலாந்து லீகை வென்ற லெஸ்டர் 4-4-2 ஆடியது. வார்டி 24 கோல் அடித்தார். அவருடைய ஜோடி ஒகசாக்கி அடித்தது 5. ஒகசாக்கி இறங்கிவந்து எதிரணி மிட்ஃபீல்டரைத் துரத்தினார். வார்டி டிஃபென்ஸின் பின்பக்கம் ஓடினார். இரண்டு வார்டிகள் இருந்திருந்தால் நடுக்களம் காலியாகியிருக்கும்.

5. 4-3-3இல் விங்கர்கள் உள்ளே வெட்டி வந்து ஷாட் அடிப்பவர்களா, கோட்டோரம் போய் கிராஸ் போடுபவர்களா என்று முதலில் பாருங்கள். உள்ளே வருபவர்கள் என்றால், நடுவில் நிற்பவர் விலகி இடம் தர வேண்டும். லிவர்பூலில் ஃபிர்மினோ அதைத்தான் செய்தார். 2018-19இல் சலாவும் மானேவும் ஆளுக்கு 22 லீக் கோல் அடித்தார்கள். கிராஸ் போடுபவர்கள் என்றால், பாக்ஸை விட்டு நகராத, தலையால் முட்டத் தெரிந்த ஆள் வேண்டும். உயரம் மட்டும் போதாது. கிராஸ் கிளம்பும் நொடியில் டிஃபெண்டருக்கு முன்னால் பாயத் தெரிய வேண்டும்.

6. ஃபால்ஸ் நைன் ஆசையை, அதாவது சென்டர் ஃபார்வர்டைப் பின்னால் இறக்கி ஆட வைக்கும் ஆசையை, கொஞ்சம் தள்ளி வையுங்கள். 1953இல் வெம்பிளியில் ஹங்கேரி இங்கிலாந்தை 6-3 என்று வென்றபோது, சென்டர் ஃபார்வர்டான ஹிதெகுட்டி பின்னால் இறங்கி ஆடினார். அவரைப் பின்தொடர்வதா, இடத்திலேயே நிற்பதா என்று இங்கிலாந்தின் சென்டர் ஹாஃப் குழம்பிப்போனார். ஹிதெகுட்டிக்கு மூன்று கோல். 2009 மே மாதம் மாட்ரிட்டில் பார்சிலோனா 6-2 என்று ஜெயித்த ஆட்டத்தில் மெஸ்ஸியை நடுவில் இறக்கி ஆட வைத்ததும் இதே யோசனைதான். இரண்டிலும், இறங்கியவர் விட்ட இடத்துக்குள் பாய்ந்து ஓட ஆட்கள் இருந்தார்கள். ஹங்கேரிக்குப் புஷ்காஷும் கோச்சிஷும், பார்சிலோனாவுக்கு ஆன்ரியும் எட்டோவும். அப்படி ஓடுபவர்கள் உங்களிடம் இல்லையென்றால், ஒருவர் இறங்கியதும் முன்னால் யாருமே இருக்க மாட்டார்கள்.

7. செலக்‌ஷன் நாளில் பந்து இல்லாத நேரத்தைப் பாருங்கள். பந்து வருவதற்கு முன் தோளுக்கு மேல் திரும்பிப் பார்க்கிறானா? பின்னாலிருந்து டிஃபெண்டர் இடிக்கும்போது முதல் டச் எந்தப் பக்கம் போகிறது? பந்து பறிபோன அடுத்த நான்கைந்து நொடியில் துரத்துகிறானா, இடுப்பில் கை வைத்து நிற்கிறானா? நீங்கள் முன்வரிசையிலிருந்தே பிரஸ்ஸிங் ஆடப்போகிறீர்கள் என்றால், இந்தக் கடைசிக் கேள்விக்குத்தான் அதிக மதிப்பெண்.

8. பெரிய கிளப் ஃபார்மேஷனுக்கு ஏற்ற ஆளைக் காசு கொடுத்து வாங்கும். உங்களுக்கு இருப்பது உங்கள் ஊர்ப் பிள்ளைகள். வேகமான ஒரே ஒருத்தி இருந்தால், டிஃபென்ஸைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்து, அவள் ஓட முன்னால் இடம் உண்டாக்குங்கள். அவளை 4-2-3-1இன் நுனியில் நிறுத்தி, முதுகைக் காட்டி ஆடச் சொல்வது அந்தப் பிள்ளைக்குச் செய்யும் அநியாயம்.

9. பெஞ்சில் வேறு வகை ஸ்ட்ரைக்கரை உட்கார வையுங்கள். 1999 சாம்பியன்ஸ் லீக் ஃபைனலில் மான்செஸ்டர் யுனைடெட் யார்க், கோல் என்ற ஸ்ட்ரைக்கர் ஜோடியோடு தொடங்கியது. பேயர்ன் ஒரு கோல் முன்னிலை. பின்பாதியில் ஷெரிங்ஹாமும் சோல்ஷேரும் உள்ளே வந்தார்கள். கூடுதல் நிமிடங்களில் பெக்கம் எடுத்த இரண்டு கார்னர்கள்: முதலாவதில் ஷெரிங்ஹாம் அடித்தார், இரண்டாவதில் ஷெரிங்ஹாம் தலையால் திருப்பிவிட, சோல்ஷேர் காலை நீட்டினார். ஆகவே கார்னர் பயிற்சியின்போது மாற்று ஆட்டக்காரர்களைக் கோட்டுக்கு வெளியே உட்கார வைக்காதீர்கள்.