அடைமழையில் யூனிஃபார்ம் காயுமா?

ஐப்பசி பிறந்துவிட்டால் மணவாள நகரில் துணி காய்வது பெரும்பாடு. ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் ஷிப்ட் போகிறவர்கள் அறைக்குள்ளேயே கொடி கட்டி, ராத்திரி முழுக்க ஃபேனை ஓடவிட்டாலும் விடியும்போது காலர் பிசுபிசுக்கும். ஹீட் பம்ப் டிரையர் பற்றிய பேச்சு இங்கும் வந்துவிட்டது. கூடவே தப்புக் கணக்குகளும்.

“எங்க மெஷின்லயே டிரையர் இருக்கே!”
செமி ஆட்டோமேட்டிக்கின் பக்கத்துத் தொட்டியைத்தான் சொல்கிறார்கள். அது துணியைச் சுழற்றித் தண்ணீரை உதறுகிறது, அவ்வளவுதான். மட்டமாக நினைக்க வேண்டாம்: நீரை ஆவியாக்குவதைவிட உதறுவது பலமடங்கு மலிவு. ஆனால் இழைக்குள் ஊறிய ஈரம் எவ்வளவு சுற்றினாலும் போகாது.

“டிரையர்னா ஹீட்டர்தானே, கரண்ட் பில் எகிறிடும்.”
பழைய வகைக்கு இது உண்மைதான். ஒரு லிட்டர் தண்ணீரை ஆவியாக்க ஏறக்குறைய 0.67 யூனிட் வேண்டும். பிழிந்த துணியில் 4 லிட்டர் தங்கியிருந்தால் கணக்குப்படியே 2.7 யூனிட்; வீணாவதையும் சேர்த்தால் 4 யூனிட் வரை போகும். ஹீட் பம்ப் வகை அதே வேலையைச் சுமார் 2 யூனிட்டில் முடிக்கிறது. ஏனென்றால் ஆவியாக்கச் செலவான சூடு எங்கும் போய்விடவில்லை, அந்த ஆவிக்குள்ளேயே இருக்கிறது. பழைய டிரையர் அதை வெளியே ஊதித் தள்ளியது. இது திரும்ப வாங்கிக்கொள்கிறது.

எப்படி என்றால், ஏசியில் அறைக்குள் ஒரு குளிர்ந்த சுருள், வெளியே ஒரு சூடான சுருள் உண்டல்லவா? இரண்டும் இங்கே ஒரே பெட்டிக்குள். டிரம்மிலிருந்து வரும் ஈரக்காற்று குளிர்ந்த சுருளில் பட்டு ஈரத்தைத் தண்ணீராக உதிர்க்கிறது. அப்போது வெளிப்படும் சூட்டைக் குளிர்பதன வாயு வாங்கிக்கொள்ள, கம்ப்ரஸர் அதை அழுத்திச் சூடான சுருளுக்குத் தள்ளுகிறது. உலர்ந்த காற்று அங்கே சூடேறி, 50, 60 டிகிரியில் மீண்டும் துணிக்குப் போகிறது. ஒரே காற்று சுற்றிச் சுற்றி வருவதால் சுவரில் ஓட்டை போட வேண்டியதில்லை. மெதுவான வேலைதான், 2, 3 மணி நேரம் ஆகும்.

“புது டெக்னாலஜி, நம்பி வாங்க முடியாது.”
ஐரோப்பியக் கடைகளில் 1997 முதலே இருக்கிறது.

“சேரும் தண்ணீரை இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றலாம்.”
கூடவே கூடாது. துணிப்பஞ்சும் சோப்பு மிச்சமும் அதில் கலந்திருக்கும். தரை துடைக்கலாம்.

“துவைத்து உலர்த்தும் காம்போ மெஷின் எல்லாம் இதே வகைதான்.”
இல்லை. பல காம்போக்கள் ஹீட்டரில்தான் உலர்த்துகின்றன. ஆவியைக் குளிர்விக்கக் குழாய்த் தண்ணீரைச் சாக்கடையில் விடுபவையும் உண்டு. கடையில் கேட்டு வாங்குங்கள்.

என்னைக் கேட்டால், தனிக் குடும்பத்துக்கு இது ஆடம்பரம். தை பிறந்தால் மொட்டைமாடி வெயில் இலவசம். இருபது பேர் தங்கும் ஹாஸ்டலில் பொதுவாக ஒன்று இருந்தால் நியாயம். அதையும் மாடிப்படிக்கு அடியில் அடைக்காதீர்கள்: கம்ப்ரஸரின் சூடு, மெஷின் வைத்த அறைக்குள்தான் இறங்கும், காற்றோட்டம் வேண்டும்.